சிறு பாய்மரப் படகில் சாமான்களை எங்கே வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் படகு 27 அடி நீளம், எட்டு அடி அகலம். உள்ளே நான் தலை இடிக்காமல் நிற்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்: ஏணிப்படிக்குக் கீழே, இரண்டு காலடி அளவு. இந்தப் படகில் நானும் என் மனைவியும் மலேசியாவின் லங்காவித் தீவை வீடாகக் கொண்டு மலாக்கா நீரிணையில் பல பருவங்கள் ஓடியிருக்கிறோம். ஒருமுறை தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகம் வரை போனோம். படகு வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

மூன்று சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகின் முன்முனை அணியம். சுக்கான் பிடித்து உட்காரும் திறந்த பள்ளம் காக்பிட். அறையின் தரைப்பலகைக்கு அடியில், படகின் வயிற்றில் இருக்கும் குழி பில்ஜ்.

படகு வாங்கியாகிவிட்டது. எதிலிருந்து தொடங்குவது?

காலி செய்வதிலிருந்து. முந்தைய உரிமையாளர் விட்டுப்போன துருப்பிடித்த கொக்கிகள், பாதி காய்ந்த பெயின்ட் டப்பாக்கள், எதற்கென்றே தெரியாத கயிற்றுத் துண்டுகள் என ஒன்று விடாமல் படகுத்துறையில் இறக்கி வையுங்கள். பெட்டிகளைக் கழுவித் துடைத்து, மூடியைச் சாத்திவிட்டு, ஒரு நல்ல மழைக்குக் காத்திருங்கள். மழை விட்டதும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் காகிதத் துடைப்பானால் ஒற்றிப் பாருங்கள். எந்தப் பெட்டி காய்ந்தது, எது கசிகிறது என்று தெரியாமல் துணியையும் அரிசியையும் அடுக்கிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் பலர்.

அதன் பின் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இருட்டில், படகு முப்பது பாகை சாய்ந்திருக்க, ஒரு கை கைப்பிடியைப் பற்றியிருக்க, மறு கையால் மட்டும் இதை எடுக்க வேண்டிய நிலை வருமா? வரும் என்றால் அதற்கு இடம் முதலில். வராதவை எல்லாம் வரிசையில் பின்னால் நிற்கட்டும். துறைமுகத்தில் நின்றுகொண்டு, வீட்டு அலமாரியை அடுக்கும் கணக்கில் படகை அடுக்கக் கூடாது. நான் முதல் வருடம் அப்படித்தான் அடுக்கினேன். பெரும்பாலானவற்றை இரண்டாம் வருடம் இடம் மாற்றினேன்.

கனமானவை கீழே என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது மட்டும் போதுமா?

கீழே வைப்பது பாதிதான். நடுவிலும் வைக்க வேண்டும். கனம் அணியத்திலும் பின்முனையிலும் பிரிந்து கிடந்தால் படகு ஊஞ்சல் பலகையைப் போல ஆடும். ஒவ்வோர் அலையிலும் மூக்கைக் குத்தும், எழ நேரமாகும், வேகம் செத்துவிடும். அதே கனத்தைப் பாய்மரத்தின் அடியைச் சுற்றிக் கொண்டுவந்தால் படகு அலையோடு இலகுவாக ஏறி இறங்கும்.

பெரிய குற்றவாளி நங்கூரச் சங்கிலி. எட்டு மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ. ஐம்பது மீட்டர் என்றால் எழுபது கிலோ. ஓர் ஆள் எந்நேரமும் அணியத்தில் குந்தியிருப்பதற்குச் சமம். கரையோரமாக ஓடும்போது அது அங்கேதான் இருக்க வேண்டும், ஏனென்றால் நங்கூரம் எந்நேரமும் தேவைப்படலாம். பல நாள் கடல் ஓட்டத்திற்கு முன் நாங்கள் சங்கிலியைக் கழற்றி, வலுவான சாக்கில் போட்டு, பாய்மரத்தின் அடியில் தரைப்பலகைக்குக் கீழே கட்டிவைக்கிறோம். கரை தெரிவதற்கு முந்தைய நாள் திரும்பவும் முன்னால் போகும். முதுகு வலிக்கும் வேலைதான். ஆனால் அணியம் தண்ணீரை அள்ளாமல் எழும்போது செய்த வேலைக்குப் பலன் கண்ணெதிரே தெரியும்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வையுங்கள். எங்கள் அளவுப் படகு ஏறக்குறைய நூறு கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் தண்ணீரில் தாழும். இருவருக்கான நீர், உணவு, எரிபொருள், உதிரிபாகங்கள் என்று ஐந்நூறு கிலோ ஏற்றினால் ஐந்து சென்டிமீட்டர். படகின் பக்கவாட்டில் நீர்மட்டக் கோடு பெயின்ட் அடித்திருப்பார்கள். அந்தக் கோடு மூழ்கிவிட்டால், எவ்வளவு அழகாக அடுக்கியிருந்தாலும் சுமை அதிகம் என்றுதான் பொருள்.

குடிநீரை எப்படி வைப்பது? எவ்வளவு?

ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன்.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி வந்த ‘சுஹைலி’ நம் மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 32 அடிப் படகு. தெற்குப் பெருங்கடலில் ஓர் அலை அதைப் பக்கவாட்டில் அடித்துச் சாய்த்தபோது தொட்டிகளில் இருந்த குடிநீர் கெட்டுப்போனது. அதன் பிறகு அவர் மழைநீரைப் பிடித்துத்தான் பயணத்தைத் தொடர்ந்தார். 312 நாள் ஓடிய மனிதருக்கே அந்த நிலை.

புக்கெட்டிலிருந்து காலி சுமார் 1,100 கடல் மைல். எங்கள் படகு ஒரு நாளுக்கு நூறு மைல் ஓடும், ஆகவே பதினொரு நாள். ஆளுக்கு நான்கு லிட்டர் வீதம் 88 லிட்டர். காற்று விழுந்தால் என்ற அச்சத்திற்குப் பாதி கூட்டி 132 லிட்டர். அதில் பாதி தொட்டியில். மீதி பத்து லிட்டர் கேன்களில், இருக்கைகளுக்கு அடியில், இரண்டு பக்கமும் சமமாக. இருபது லிட்டர் கேன் வாங்காதீர்கள். ஆடும் படகில் இருபது கிலோவைத் தூக்கி ஊற்றுவது இடுப்பைப் பதம் பார்க்கும். உயிர்காப்புப் பையின் பக்கத்தில் வைக்கும் கேனை மட்டும் முழுக்க நிரப்பாமல் சற்றுக் காற்று விடுங்கள். கடலில் விழுந்தால் மிதக்கும்.

டின் உணவுகளைப் பில்ஜில் வைக்கலாமா?

வைக்கலாம், காகிதத்தைக் கிழித்துவிட்டு.

மலாக்கா நீரிணையில் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியலுக்கு முன் சுமத்ராவின் பக்கமிருந்து கரிய மேகச் சுவர் ஒன்று வரும். அதற்கே ‘சுமத்ரா’ என்றுதான் பெயர். பாங்கோர் தீவுக்கு வெளியே ஓர் அதிகாலையில் அது எங்களைப் பிடித்தது. முன்மூடி வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. மின்பம்பு ஓடும் சத்தம் கேட்கிறது, வெளியே ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. தரைப்பலகையைத் தூக்கி, தோள்வரை கையை விட்டுப் பம்பின் வடிகட்டியைத் தடவினேன். கைநிறைய வெள்ளைக் கூழ் வந்தது. வழித்துப் போட்டேன், மறுபடியும் வந்தது. மத்தி மீன் டின்களிலும் பட்டாணி டின்களிலும் ஒட்டியிருந்த காகிதம் அத்தனையும் ஊறிக் கரைந்து வடிகட்டியில் அப்பியிருந்தது. என் மனைவி மேலே சுக்கானைப் பிடித்திருந்தார். நான் கீழே அரை மணி நேரம் கூழ் அள்ளினேன்.

அன்றிலிருந்து எந்த டின்னும் காகிதத்தோடு படகில் ஏறுவதில்லை. அழியாத மையால் மூடியிலும் பக்கத்திலும் பெயரையும் தேதியையும் எழுதுகிறோம். மூடியின் விளிம்பில்தான் துரு முதலில் பிடிக்கும். அங்கே கொஞ்சம் வாசலின் தடவி, நான்கைந்தாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஆறு மாதம் தாங்கும்.

இன்னொன்று: இரும்பு டின்களைத் திசைகாட்டியின் அருகில் வைக்காதீர்கள். தானியங்கிச் சுக்கானின் திசை உணரி பல படகுகளில் ஓர் இருக்கைக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதன் பக்கத்தில் முப்பது டின்னை அடுக்கினால் படகு தப்பான திசையில் நேராகப் போகும். டின்னில் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் ஒரு மீட்டருக்கு அப்பால் வையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் காய்கறி, முட்டை, அரிசி?

இந்தப் பகுதி என் மனைவியின் ஆட்சி. அவர் சொல்வதையே எழுதுகிறேன்.

முட்டையைக் கழுவாமல், குளிரூட்டாமல் விற்பவரிடம் வாங்க வேண்டும். பேரங்காடியின் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த முட்டை வெளியே வந்தால் வியர்த்துச் சீக்கிரம் கெடும். சந்தையில் வாங்கிய முட்டைக்கு மெல்லிதாக வாசலின் பூசி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டோடு தலைகீழாகத் திருப்பிவைத்தால் மூன்று வாரம் தாராளமாக வரும். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மிதப்பது ஆகாது.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் சேர்த்து வைக்காதீர்கள், கிழங்கு முளைத்துவிடும். இரண்டுக்கும் தனித்தனி வலைத்தொட்டில்கள், எதிரெதிர் பக்கம். வலை சுவரில் உரசாமல் தொங்க வேண்டும். அலையில் ஆடி ஆடிச் சுவரில் மோதும் தக்காளி மூன்றாம் நாளே குழம்புக்குத்தான் ஆகும். வாழைப்பழத்தை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். அது பழுக்கும்போது சுற்றியிருப்பதையும் பழுக்க வைக்கும். இலைக் காய்கறிகளில் நீண்ட பயணத்திற்கு ஏற்றது முட்டைக்கோஸ்தான். கத்தியால் வெட்டாமல் வெளி இலைகளை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தால் வாரக்கணக்கில் தாங்கும்.

அரிசி, பருப்பு, ரவை எல்லாம் ஒன்றரை லிட்டர் குடிநீர்ப் புட்டிகளில். ஒரு புட்டியில் சுமார் ஒன்றேகால் கிலோ அரிசி பிடிக்கும். உள்ளே இரண்டு காய்ந்த மிளகாய். புட்டி உருண்டை என்பதால் இடம் வீணாகிறதே என்று சிலர் சதுரப் பெட்டி வாங்குகிறார்கள். ஆனால் பத்துக் கிலோப் பெட்டியில் வண்டு விழுந்தால் பத்துக் கிலோவும் போச்சு. புட்டியில் விழுந்தால் ஒன்றேகால் கிலோவோடு முடிந்தது. மேலும், படகின் வளைந்த ஓரங்களில் சதுரப் பெட்டி நுழையாது, புட்டி நுழையும்.

ஊறுகாய்க் கண்ணாடிப் புட்டிகளுக்குப் பழைய காலுறை மாட்டிவிடுங்கள். உடையாது, ஒன்றோடொன்று மோதித் தூக்கத்தையும் கெடுக்காது.

கரப்பான் பூச்சி?

அட்டைப்பெட்டி எதையும் படகில் ஏற்றாதீர்கள். அட்டையின் மடிப்புகளில் முட்டையோடு வருகிறது. சாமானைப் படகுத்துறையிலேயே பிரித்து, பெட்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். வாழைத்தாரைக் கடல்நீரில் முக்கி எடுத்து ஏற்றுங்கள்.

துணிமணி பூஞ்சை பிடிக்காமல் இருக்க என்ன செய்வது?

லங்காவியின் ஈரத்தில் இதற்கு முழுத் தீர்வு கிடையாது, குறைக்க முடியும். பூஞ்சைக்குப் பிடிக்காதது நகரும் காற்று. அதனால் எந்தப் பெட்டியையும் மூச்சுமுட்ட நிரப்பாதீர்கள். பெட்டிக் கதவுகளில் துளையோ பிரம்புப் பின்னலோ இருக்கட்டும். மெத்தைக்கு அடியில் நாங்கள் தென்னை நார்ப்பாய் விரித்திருக்கிறோம். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓடுகிறது, அடிப்பக்கம் நனைவதில்லை. பலகைகளை மாதம் ஒருமுறை வினிகரால் துடைக்கிறோம்.

உப்புநீர் பட்ட துணியை எக்காரணத்தைக் கொண்டும் உலர்ந்த துணியோடு சேர்க்காதீர்கள். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அது காய்ந்ததாகத் தெரியும், காய்ந்திருக்காது. நனைந்த சட்டைகளுக்கு ஏணிப்படியின் அருகே தனிக் கொக்கி உண்டு, அதைத் தாண்டி அவை உள்ளே வரக் கூடாது. தரைக்குப் போகும்போது அணியும் நல்ல உடை ஆளுக்கு ஒரு செட், காற்றை உறிஞ்சி மூடிய பையில். மற்றபடி ஆளுக்கு ஐந்து சட்டை போதும்.

படகு சாயும்போது கதவைத் திறந்தால் எல்லாம் தலையில் கொட்டுகிறதே?

புறப்படும் முன்பே எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று யோசித்துவிடலாம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். புக்கெட்டிலிருந்து மேற்கே இலங்கை நோக்கிப் போகும் படகுக்கு அது வலப்பக்கமாகப் பின்னாலிருந்து வருகிறது. ஆக, பதினொரு நாளும் படகு பெரும்பாலும் இடப்பக்கமே சாய்ந்திருக்கும். வலப்பக்க அலமாரியைத் திறந்தால் உள்ளே இருப்பது உங்கள் மேல் விழும். இடப்பக்க அலமாரியில் இருப்பது சுவரோடு ஒட்டி உறங்கும். எனவே கிளம்புவதற்கு முந்தைய நாள் தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், கத்தி, டார்ச் என்று அன்றாடம் கை போகும் பொருள்களை எல்லாம் இடப்பக்கம் மாற்றினோம். வலப்பக்கம் தண்ணீர்க் கேன்களும் தொடாத சாமான்களும் போயின. அந்தக் கனம் சாய்வையும் சற்றுக் குறைத்தது.

கதவுகளில் காந்தப் பூட்டை நம்பாதீர்கள். விரலை விட்டு விடுவிக்கும் தாழ்ப்பாளோ திருகுக் கட்டையோ வேண்டும். தரைப்பலகைகளுக்கும் தாழ்ப்பாள் போடுங்கள். அடியில் அடுக்கிய டின்கள் ஒவ்வொன்றும், படகு புரண்டால், அறைக்குள் பறக்கும் கல். மின்கலம் ஒன்றே இருபத்தைந்து கிலோ இருக்கலாம். அதைப் பட்டையால் இறுக்கிக் கட்டாமல் துறையை விட்டு நகரக் கூடாது.

சமையல் எரிவாயு, பெட்ரோல்?

அறைக்குள் வேண்டாம். எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாது. தண்ணீரைப்போல் வழிந்து பில்ஜில் தேங்கும். ஒரு பொறி போதும். சிலிண்டருக்கு அறையோடு தொடர்பில்லாத தனிப்பெட்டி, அதன் அடியில் நீர்மட்டத்துக்கு மேலே கடலுக்குத் திறக்கும் வடிகால். பெட்ரோல் ஆவியும் அப்படியே கீழே தேங்கும். கேனை மேல்தளத்தில் நிழலில் கட்டுங்கள். சிறு முகாம் அடுப்புக் குப்பிகளும் இதே விதிக்கு உட்பட்டவைதான். பலர் அவற்றைத் தேயிலைக்குப் பக்கத்தில் வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அவசரப் பொருள்கள் எங்கே இருக்க வேண்டும்?

ஏணிப்படியிலிருந்து ஒரு கை தூரத்தில். தீயணைப்பான் ஒன்று அங்கே, இன்னொன்று அணியப் படுக்கையில். அடுப்புக்குப் பின்னால் மாட்டாதீர்கள். அடுப்புத்தான் எரியும், அதைத் தாண்டிக் கையை நீட்ட முடியாது. உயிர்காப்பு அங்கி, உடலைப் படகோடு பிணைக்கும் கச்சை, டார்ச், படகை விட்டு இறங்க நேர்ந்தால் தூக்கிக்கொண்டு ஓடும் பை, 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவி. இவற்றின் மேலே வேறு எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. ஒரு துண்டுகூட.

படகின் உடலில் தண்ணீர்க் குழாய் நுழையும் ஒவ்வொரு துளைக்கும் ஒரு வால்வு இருக்கும். அந்த வால்வு ஒவ்வொன்றிலும் அதன் அளவுக்குச் செதுக்கிய மென்மரக் கூம்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். வால்வு உடைந்தால் கூம்பை அறைந்து ஏற்ற வேண்டியதுதான். எங்களிடம் ஐந்து வால்வுகள். அவற்றை மறைக்கும் இடத்தில் நாங்கள் எதையும் அடுக்குவதில்லை, அது எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும்.

எது எங்கே என்று எப்படி நினைவில் வைப்பது?

நினைவை நம்ப வேண்டாம். பெட்டிகளுக்கு எண் போடுங்கள்: இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை, அணியத்திலிருந்து பின்னோக்கி. ஒரு பள்ளிக்கூட நோட்டில் எண்ணுக்கு ஒரு பக்கம், பென்சிலால். கைப்பேசியில் வைத்தால் ஈரக்கையில் திறக்காது. எடுத்தவர் எழுதியே தீர வேண்டும். அடுத்தவர் காவல் இருக்கும் வேளையில் நீங்கள் உறங்கிக்கொண்டிருப்பீர்கள். எரிபொருள் வடிகட்டி எங்கே என்று கேட்க அவர் உங்களை எழுப்பக் கூடாது.

குப்பைக்கு இடம் விட வேண்டுமா?

கட்டாயம். பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் போடக் கூடாது என்பது கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு. 27 அடிப் படகுக்கும் அது பொருந்தும். பிளாஸ்டிக் உறைகளைக் கடல்நீரில் அலசி, கத்தரித்து, காலியான குடிநீர்ப் புட்டிக்குள் குச்சியால் இடித்து அடையுங்கள். பதினொரு நாளின் உறைகள் எங்களுக்கு இரண்டு புட்டிகளில் அடங்கின. நாற்றமும் இல்லை.

இவ்வளவு சின்னப் படகில் உண்மையிலேயே நெடுந்தூரம் போக முடியுமா?

மேத் ரதர்ஃபோர்ட் எங்கள் படகின் அளவே உள்ள ஆல்பின் வேகா வகைப் பாய்மரப் படகு ஒன்றில் 2011-12இல் வட, தென் அமெரிக்கக் கண்டங்களைத் தனியாக, நிற்காமல் 309 நாளில் சுற்றி வந்தார். லின், லாரி பார்டி தம்பதி உலகைச் சுற்றிய ‘செராஃபின்’ படகு 24 அடி நான்கு அங்குலம்தான். அதில் எஞ்சினே கிடையாது. எஞ்சினுக்கும் டீசலுக்கும் போக வேண்டிய இடமெல்லாம் அவர்களுக்கு மிச்சம்.

சொந்தப் பொருள்கள், நினைவுப் பொருள்கள்?

ஆளுக்கு ஒரு பெட்டி, காலணிப் பெட்டியின் அளவு. அதற்குள் என்ன இருக்கிறது என்று மற்றவர் கேட்கவும் கூடாது, குறைக்கச் சொல்லவும் கூடாது. இதில் ஒரே ஒரு விதிவிலக்கு தந்திருக்கிறோம். என் மாமியாரின் சிறு கல்லுரல், குழவியோடு மூன்றரைக் கிலோ. பெட்டியில் அடங்காது, என் மனைவி அதை விட்டுவிட்டு வரவும் மாட்டார். பழைய துண்டில் சுற்றி, பாய்மரத்தின் அடியில், சங்கிலிச் சாக்கின் பக்கத்தில் இறுக்கிக் கட்டியிருக்கிறோம். நோட்டில் அதன் இடம் ஏழாம் பக்கம். நங்கூரம் இறக்கிய மாலைகளில் மிளகும் பூண்டும் இடிக்க வெளியே வரும்.